ஒன்பது அடி நடந்து காட்டு

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதாகச் சந்தேகப்படும் ஒருவரைக் கைது செய்யுமுன், போலீஸார் சாலையோரத்திலேயே மூன்று சோதனைகள் வைப்பது வழக்கம். முதலாவது கண் சோதனை. முகத்திலிருந்து ஒரு அடி, ஒன்றேகால் அடி தள்ளிப் பேனா முனையைப் பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வார்கள். ஆல்கஹால் ஏறியிருந்தால், ஓரத்துக்குப் போகும் விழி தன்னிச்சையாகத் துடிக்கும். அடுத்தது குதிகாலும் விரல்நுனியும் ஒட்டும்படி கோட்டின் மேல் ஒன்பது காலடி நடந்து, திரும்பி, மீண்டும் ஒன்பது காலடி வருவது. கடைசியில், ஒரு காலைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி, வாய்விட்டு எண்ணியபடி அரை நிமிடம் நிற்க வேண்டும்.

நடைச் சோதனையில் எட்டுக் குறைகளைப் பார்ப்பார்கள். இரண்டு தென்பட்டாலே ஆள் சிக்கிக்கொள்வார். ‘நட’ என்று சொல்லுமுன் காலை எடுத்து வைத்தால் ஒரு குறை. தடுமாறாமலிருக்கக் கையை ஆறு அங்குலம் விரித்தால் இன்னொன்று. நள்ளிரவு, பின்னால் சீறிப்போகும் லாரிகள், கண்ணைக் கூசவைக்கும் போலீஸ் விளக்கு, இவற்றுக்கு நடுவே பதற்றத்தில் இருப்பவரிடம் இவ்விரண்டையும் காண மது தேவையில்லை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும், முதுகுவலி, கால்வலி, உட்காதுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது சிரமம் என்று போலீஸ் பயிற்சிக் கையேடே ஒப்புக்கொள்கிறது. விழித்துடிப்பும் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளாலும் வரும்.

தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பணம் கொடுத்து, மார்சலின் பர்ன்ஸும் ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸும் செய்த ஆய்வில் இந்த மூன்று சோதனைகளும் உருவாயின. 1977இல் வெளியான அவர்களது முதல் அறிக்கையில், போலீஸார் கைதுக்குரியவர்கள் என்று சொன்னவர்களில் 47 சதவீதம் பேர் அன்றைய சட்ட வரம்பான 0.10 சதவீத இரத்த ஆல்கஹாலைத் தொடவில்லை. 1981இல் முறையைச் சீராக்கிய பிறகும் அது 32 சதவீதமாகத்தான் இறங்கியது.

பின்னாளில் வரம்பு 0.08 ஆனது. நீதிமன்றங்களில் அரசுத் தரப்பு பெரிதும் காட்டுவது 1998இல் வெளியான சான் டியேகோ ஆய்வின் 91 சதவீதத் துல்லியத்தை. இந்த எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அதில் சோதிக்கப்பட்ட 297 பேரில் 214 பேர் உண்மையிலேயே வரம்பைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். எந்தச் சோதனையும் வைக்காமல் எல்லோரையும் ‘குடித்தவர்’ என்று எழுதியிருந்தாலே 72 சதவீதம் சரியாக இருந்திருக்கும். வரம்புக்குக் கீழே இருந்தவர்கள் 83 பேர். அவர்களில் 24 பேரைப் போலீஸார் தவறாகக் கணித்தார்கள். அதாவது பத்தில் மூன்று பேர். சந்தேகத்துக்கு ஆளான அப்பாவிக்கு 91ஐ விட இந்தக் கணக்குதான் முக்கியம்.

1994இல் ஸ்பர்ஜன் கோல், ரானி நோவாசிக் இருவரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத 21 பேரை இத்தகைய சோதனைகளைச் செய்யவைத்து வீடியோ எடுத்து, 14 போலீஸாருக்குப் போட்டுக் காட்டினார்கள். 46 சதவீத முடிவுகள் ‘வண்டி ஓட்ட முடியாத அளவு குடித்திருக்கிறார்’ என்று வந்தன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இச்சோதனைகள் கணிக்க முயல்வது இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அளவை. வண்டி ஓட்டும் திறனை அல்ல. ஒற்றைக்காலில் நிற்பதற்கும் பிரேக்கை மிதிப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு ஊதும் கருவி போன்ற சோதனையில் தெரியும் அளவை, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று, நேராகவே கேட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் அரிசோனா உச்ச நீதிமன்றம் 1986இலேயே, கண் சோதனை கைதுக்குப் போதிய காரணம் காட்ட உதவும், ஆல்கஹால் அளவை எண்ணாக நிறுவ உதவாது என்று பிரித்துச் சொன்னது. கஞ்சா விஷயத்தில் நிலைமை இன்னும் பலவீனம். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017இல், கஞ்சா வழக்குகளில் போலீஸார் தாங்கள் கண்டதைச் சாட்சியாகச் சொல்லலாம், ஆனால் அதைச் ‘சோதனை’ என்றோ, ஓட்டுநர் அதில் ‘தேறவில்லை’ என்றோ சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது.