எட்டாவது எம்5-இன் ஜாதகம்

வேகத்தின் வரலாறு – 17

2024 ஜூனில் பிஎம்டபிள்யூ தன் ஏழாம் தலைமுறை எம்5 செடானை அறிமுகப்படுத்தியது. 4.4 லிட்டர் வி8 ட்வின் டர்போ இன்ஜின், கியர்பாக்ஸுக்குள்ளேயே பொருத்திய மின்மோட்டார், இரண்டும் சேர்ந்து 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர் டார்க். எம்5 என்ற பெயரில் இத்தனை பவரோடு வேறு கார் வந்ததில்லை. ஆனாலும் இந்தக் காரை நேசிக்கிறவர்கள் அன்று பேசியது இன்னொரு எண்ணைப் பற்றி: 2,435 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 3.5 விநாடி ஆகிறது. முந்தைய தலைமுறையின் எம்5 காம்பெட்டிஷன், நூறு குதிரைத்திறன் குறைவாக வைத்துக்கொண்டு, அதே வேகத்தை 3.3 விநாடியில் தொட்டது. நாற்பது வருடத்தில் முதல் தடவையாகப் புது எம்5, நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் பழையதற்குப் பின்னால் போய்விட்டது.

இது எப்படி நடந்தது என்று தெரிந்தால், அடுத்த எம்5 எப்படி இருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். இந்த வாரம் அந்த ஊகத்துக்குத்தான்.

போன வாரம் எம்1 பிறந்த கதையைப் பார்த்தோம். அந்த ஸ்போர்ட்ஸ் காரின் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கொஞ்சம் மாற்றி, 5 சீரிஸ் செடானின் பானெட்டுக்குள் வைத்தார்கள். 1985-இல் உலகம் பார்த்த முதல் எம்5 அதுதான். 286 குதிரைத்திறன், கையால் கோத்த கார், எடை ஒன்றரை டன்னுக்குள். வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகத்துக்குப் போகும் யாரோ ஒரு மேலாளரின் கார்போலத்தான் இருக்கும். பின்னால் இருக்கும் ‘எம்5’ எழுத்தே வேண்டாம் என்று சொல்லி வாங்கியவர்களும் உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே காரில் ஆட்டோபானில் 245 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். நான்கு பேர் வசதியாக உட்காரும் இடத்தையும் ரேஸ் இன்ஜினையும் ஒரே தகட்டுக்குள் அடக்கி, அதை ஊருக்குக் காட்டிக்கொள்ளாமல் இருந்ததுதான் எம்5-இன் அடையாளம். இன்றுவரை நான் அந்தக் காரிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

இன்ஜின் அதன் அடையாளமாக ஒருபோதும் இருந்ததில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘வி8 போனால் எம்5 போச்சு’ என்று இப்போது வருந்துகிறவர்கள் பலர். 1998-இல் வி8 வந்தபோது, ஆறு சிலிண்டர் போயிற்றே என்று வருந்தினார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன் காலத்து உற்சாகத்தில் 5 லிட்டர் வி10 வந்தது. 8,250 ஆர்பிஎம் வரை அலறும் இன்ஜின். 2011-இல் அதை எடுத்துவிட்டு டர்போ வைத்தார்கள். 2017-இல் நான்கு சக்கரங்களுக்கும் பவர் போயிற்று, 2024-இல் பேட்டரி ஏறிற்று. ஒவ்வொரு முறையும் முந்தைய தலைமுறையின் ரசிகர்கள் புனிதமாக நினைத்த ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் இந்தக் கார் முன்னே வந்திருக்கிறது. மின்சார எம்5 வந்தால் அதுவும் இந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

எனக்குள்ள கவலை எடை. அந்த எடையை உள்ளே கொண்டுவந்தது வரிச் சட்டம்.

ஜெர்மனியில் இந்த மாதிரி கார்களில் பெரும்பகுதி நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படுகிறது. அதைச் சொந்த வேலைக்கும் ஓட்டுகிறவர், காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தைத் தன் வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். பிளக்-இன் ஹைபிரிட் என்றால் அதில் பாதி, 0.5 சதவீதம். அதற்கு ஒரு நிபந்தனை: கிலோமீட்டருக்கு 50 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியிடக் கூடாது, அல்லது பேட்டரியில் மட்டும் 80 கிலோமீட்டர் ஓட வேண்டும். புது எம்5 அறிமுகமானபோது அதன் சான்றிதழில் இருந்த அளவு 40 கிராமுக்கும் கீழே. பேட்டரியில் 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். எட்டு சிலிண்டர், 727 குதிரைத்திறன் கார், காகிதத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கைவிடச் சுத்தமான கார் ஆனது.

சோதனைக்கூடக் கணக்கின் விளைவு இது. பிளக்-இன் காரை வாங்கியவர் தினமும் சார்ஜ் போட்டு, பெரும்பாலான தூரத்தை மின்சாரத்தில்தான் ஓட்டுவார் என்று அந்தக் கணக்கு நம்பியது. கார்களின் உள்ளேயே இருக்கும் எரிபொருள் அளவியின் பதிவுகளைச் சேகரித்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, பிளக்-இன் கார்கள் சாலையில் சராசரியாகச் சான்றிதழைப்போல் மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்ஸைடு வெளியிடுகின்றன என்றது. எனவே 2025 முதல் அந்தக் கணக்கைக் கட்டம் கட்டமாக இறுக்கி வருகிறார்கள். மின்சாரத்தில் ஓடும் தூரத்தின் பங்கு குறைகிறது. காகிதத்தில் கிராம் கூடுகிறது. எம்5 மாதிரி ஒரு காருக்கு அந்த அளவு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும் என்பது என் கணிப்பு. அப்படி ஏறினால் 50 கிராம் வாசல் மூடிவிடும். மிஞ்சுவது 80 கிலோமீட்டர் வாசல் ஒன்றுதான். அதில் நுழைய இப்போதைய பேட்டரி போதாது. அதில் பயன்படுத்தக்கூடிய மின்சாரம் 18.6 யூனிட்தான், இன்னும் பெரியது வேண்டும். பெரிய பேட்டரி என்றால் இன்னும் எடை.

ஹைபிரிட் எம்5 மாட்டிக்கொண்டிருக்கும் சுழல் இதுதான். வரிச்சலுகை போனால் வாங்குபவர் குறைவார். சலுகையைக் காப்பாற்றிக்கொண்டால் கார் இன்னும் கனக்கும். ஒரே காருக்குள் இரண்டு வகை இயக்கத்தைச் சுமப்பதன் விலை இது. இதே 5 சீரிஸ் குடும்பத்தில் முழு மின்சாரக் காரான ஐ5 எம்60-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 601 குதிரைத்திறன், எடை சுமார் 2,300 கிலோ. எண்பது யூனிட்டுக்கும் மேல் பிடிக்கும் பேட்டரியைச் சுமந்தும், ஹைபிரிட் எம்5-ஐவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு. மின்சாரம் என்றாலே கனம் என்ற நம்பிக்கை இந்த ஒரே குடும்பத்துக்குள்ளேயே பொய்யாகிவிடுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை வி8-க்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. 2035 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார் எதுவும் கார்பன் வெளியிடக் கூடாது என்று 2023-இல் சட்டம் ஆயிற்று. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம், நூறு சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதக் குறைப்பு போதும் என்று முன்மொழிந்தது. சீனாவிலோ 4 லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜினுக்கு 40 சதவீத நுகர்வு வரி பல வருடமாக இருக்கிறது. நம் ஊரில் எம்5 முழுதாக இறக்குமதி ஆகும் கார். 2024 நவம்பரில் ஷோரூம் விலையே 1.99 கோடி ரூபாய். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் 5 சீரிஸ் கோக்கப்படுகிறது; எம்5-க்கு மட்டும் அங்கே வேலை இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கைக்கு வருவோம். எனக்குப் பிடித்தமான எம்5, 1998-இல் வந்த மூன்றாம் தலைமுறை. 4.9 லிட்டர் வி8, 400 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல் மட்டும். அதன் ஆர்பிஎம் மீட்டரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். எண்களின் ஓரமாக வளைவாகச் சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அவை எரியும். ‘ஆயில் இன்னும் சூடாகவில்லை, இந்த அளவுக்கு மேல் மிதிக்காதே’ என்று பொருள். ஆயில் சூடேறச் சூடேற விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். கடைசியில் முழு வீச்சும் உங்கள் காலடிக்கு வரும். அங்கே எச்சரிக்கை ஒலி எதுவும் அடிக்காது, திரையில் வாசகம் எதுவும் வராது. கார் தன் உடம்பின் நிலையை ஓட்டுபவரிடம் உள்ளபடி சொல்கிறது. முடிவை அவரிடமே விட்டுவிடுகிறது.

2011-இல் டர்போ வந்ததும் இன்ஜின் சத்தம் அமுங்கிப்போயிற்று. அதை ஈடுகட்ட, கேபின் ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தத்தை ஒலிக்க வைத்தார்கள். ஆக, பொய்ச் சத்தம் மின்சாரக் கார் கொண்டுவந்த வியாதி கிடையாது. பெட்ரோல் எம்5-லேயே அது தொடங்கிவிட்டது. 2023-இல் ஹூண்டாய், ‘ஐயோனிக் 5 என்’ காரில் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனது. இல்லாத கியர், இல்லாத ஆர்பிஎம், கியர் மாற்றாமல் விட்டால் லிமிட்டரில் இடித்து நிற்கும் பாவனை. முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வளைவில் நுழையும்போது எந்த வேகத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணை எடுக்காமல் காதாலேயே அறிய அது உதவுகிறது. உதவும் வரை அதை ஏற்றுக்கொள்ளலாம். அதே காரில் எனக்கு அதைவிட மதிப்பாகத் தெரிவது, ட்ராக்கில் இறங்கும் முன் பேட்டரியை உரிய வெப்பநிலைக்குக் கொண்டுவரும் வசதி. மின்சாரக் காரும் குளிர்ந்திருந்தால் முழு பவரைத் தராது, கொதித்தால் குறைத்துக்கொள்ளும். அந்தப் பழைய மஞ்சள் விளக்குகளுக்கு மின்சார எம்5-லும் வேலை இருக்கிறது. பேட்டரி இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எவ்வளவு பவர் கையில் இருக்கிறது, எத்தனை சுற்று தாங்கும் என்பதை ஓட்டுபவருக்கு அது கண்முன் காட்ட வேண்டும்.

எண்களால் மட்டும் ஜெயிக்கும் போட்டி முடிந்துவிட்டது என்பதற்கு ஷாவ்மி எஸ்யு7 அல்ட்ரா சாட்சி. செல்போன் நிறுவனம் செய்த நான்கு கதவுக் கார், 1,548 குதிரைத்திறன். 2025-இல் நூர்பர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 4.957 விநாடியில் சுற்றியது. பவரில் எம்5-ஐப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தப் பந்தயத்தில் பிஎம்டபிள்யூ இறங்கினால் ஒவ்வொரு வருடமும் தோற்கும். ஆனால் அதே கார் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 2025 மே மாதம் வந்த ஒரு மென்பொருள் அப்டேட், வாங்கியவர்களின் கார்களில் பவரைச் சுமார் 900 குதிரைத்திறனுக்குக் கட்டிப்போட்டது. குறிப்பிட்ட ட்ராக்கில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினால்தான் மிச்சம் கிடைக்கும். வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

பவருக்குப் பூட்டு போடுவது எம்5-க்குப் புதிது இல்லை. 2005-ஆம் வருட வி10 கார், ஸ்டார்ட் செய்ததும் 400 குதிரைத்திறனோடு சாதுவாகத்தான் இருக்கும். முழு 507-உம் வேண்டுமென்றால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அங்கே சாவி ஓட்டுபவரின் கையில் இருந்தது. ஷாவ்மி விஷயத்தில் சாவி எங்கோ ஒரு சர்வரில் இருந்தது. இப்போதைய எம்5-லும் மணிக்கு 250 கிலோமீட்டரில் நிற்கும் உச்ச வேகத்தை 305 ஆக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். காரின் ஒவ்வொரு குணமும் மென்பொருளுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தப் பூட்டுகள் ஒன்றிரண்டோடு நின்றுவிடாது. எட்டாவது எம்5 விஷயத்தில் எடைக்கு அடுத்து நான் பயப்படுவது இதற்குத்தான்.

நம்பிக்கை தருவதும் இருக்கிறது. ‘நோயே கிளாசே’ என்ற புதிய மின்சாரக் கார் வரிசையில் பிஎம்டபிள்யூ, மோட்டார், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்திருக்கிறது. அதன் எம் பிரிவு, சக்கரத்துக்கு ஒரு மோட்டாராக நான்கு மோட்டார் கொண்ட கார்களைத் தயாரித்து வருகிறது. வளைவில் உள்பக்கச் சக்கரத்தையும் வெளிப்பக்கச் சக்கரத்தையும் தனித்தனியாக இழுக்கவும் பிடிக்கவும் முடிந்தால், கனமான காரையும் இலேசான கார்போலத் திருப்பலாம். எந்த டிஃபரன்ஷியலாலும் அந்த வேகத்தில் அதைச் செய்ய முடியாது. ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் டயர் தேயும்போதும் எடை எடைதான். கம்ப்யூட்டரால் அதைக் கரைக்க முடியாது.

இனி ஜாதகம். எம்5-இன் தலைமுறை இடைவெளி இப்போது ஆறேழு வருடம். எட்டாவது 2030-ஐ ஒட்டியோ, அதற்கடுத்த ஓரிரு வருடங்களிலோ வரும். அது ஒரே பெயரில் இரண்டு காராக வரும் என்று நினைக்கிறேன்: அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் வி8 ஹைபிரிட், ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் முழு மின்சாரம். முதலில் சொன்னது இன்னும் சில வருடம் நன்றாக விற்கும். இரண்டாவதுதான் அசல் எம்5 ஆக வாய்ப்புள்ள கார். அதன் குதிரைத்திறனை நான் பார்க்கப்போவதில்லை. எடை 2,200 கிலோவுக்குக் கீழே வருகிறதா, முழு பவருக்கான பட்டன் ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, நான்கு பேரும் அவர்களது பெட்டிகளும் ஏறிய பிறகும் அது பக்கத்து வீட்டு 5 சீரிஸ் போலவே தெரிகிறதா என்று பார்ப்பேன். முதல் தடயம் சீக்கிரமே கிடைக்கும்: நான்கு மோட்டார் கொண்ட முதல் எம் கார் 2027-இல் வர இருக்கிறது. அதன் எடை என்ன என்று தெரிந்த வாரமே இந்த ஜாதகத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

(தொடரும்)