டிக்கெட் கிடையாது... கச்சேரி உண்டு! நியூயார்க் நூலகங்கள் திறந்துவைத்திருக்கும் இசை வாசல்

மாலை நேரத்து லிங்கன் சென்டர். நியூயார்க் நகரின் கலை வளாகம். நடுவில் பெரிய நீரூற்று. அதைச் சுற்றி உலகப் புகழ்பெற்ற அரங்குகள். ஒன்றில் ஓபரா, இன்னொன்றில் பாலே, மூன்றாவதில் சிம்பொனி. நல்ல இருக்கை வேண்டும் என்றால் ஒரு டிக்கெட்டுக்கே நூறு டாலருக்கு மேல் சுலபமாகப் போய்விடும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று கிளம்பினால் மாத பட்ஜெட்டே ஆட்டம் கண்டுவிடும்.

அதே வளாகத்தில், ஓபரா அரங்கை ஒட்டினாற்போல் இன்னொரு கதவு இருக்கிறது. அங்கே டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது. வேலை முடிந்து வருகிற நர்ஸ், கையில் வயலின் பெட்டியோடு வரும் மாணவி, ஊன்றுகோலோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். உள்ளே கச்சேரி நடக்கும். கண்காட்சி இருக்கும். காசு மட்டும் கேட்க மாட்டார்கள்.

காரணம், அது ஒரு பொது நூலகம்.

புத்தகம் மட்டுமா நூலகம்?

நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவு 1965-ம் ஆண்டு இந்த வளாகத்தில் திறக்கப்பட்டது. இசை, நடனம், நாடகம், ஒலிப்பதிவு ஆகிய நான்குக்குமான நூலகம் இது. இசை என்பது காகிதத்தில் மட்டும் வாழ்வதில்லை. நடனத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் இங்கே புத்தகங்களோடு இசைக் குறிப்பேடுகள், பழைய இசைத்தட்டுகள், மேடை உடைகள், அரங்க மாதிரிகள், கடிதங்கள், போஸ்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சேர்த்து வைத்துப் பூட்டிவிடாமல், அவற்றைக் காட்சிக்கும் வைக்கிறார்கள். ஒரு கலைஞரின் ஆவணங்களை வைத்து கண்காட்சி அமைப்பார்கள். அதையொட்டி கச்சேரி, கலந்துரையாடல், திரைப்படம் என்று நிகழ்ச்சிகள் நடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனமாக இருக்கும் இசைக் குறிப்புக்கு, பக்கத்து அரங்கில் உயிர் வரும்.

அந்த அரங்கின் பெயர் புரூனோ வால்டர் ஆடிட்டோரியம். சுமார் 200 பேர் உட்காரலாம். பெர்லினில் பிறந்த இசை நடத்துநர் புரூனோ வால்டர், யூதர் என்பதால் நாஜிகளின் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அமெரிக்காவில் தஞ்சம் புகுந்து, அங்கேயே 1962-ல் காலமானார். அவருடைய கடிதங்களும் இசைத்தாள்களும் இந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. சொந்த ஊரில் மேடை மறுக்கப்பட்ட ஒருவரின் பெயரில், யாருக்கும் கதவு மறுக்காத ஓர் அரங்கம்!

இங்கே பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் இலவசமாகப் பெயர் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவர் நேரத்துக்கு வராவிட்டால், அந்த இருக்கை வாசலில் காத்திருப்பவருக்குப் போய்விடும். 'இலவசம்தானே, மெதுவாகப் போவோம்' என்று நினைப்பவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பிரிக்கப்படாத பார்சல்

இங்கே நடந்த கண்காட்சிகளில் ஒன்று, ராக் பாடகர் லூ ரீட் பற்றியது. 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 2013-ல் அவர் இறந்த பிறகு, அவர் வைத்திருந்த ஒலிநாடாக்கள், காகிதங்கள், படங்கள் எல்லாம் இந்த நூலகத்துக்கு வந்தன. 2017-ல் அந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது.

அந்தக் குவியலில் ஒரு சின்ன பார்சல். தபால் முத்திரையில் 1965, மே மாதம். அனுப்பியவர் லூ ரீட். பெறுநரும் லூ ரீட்!

அப்போது அவருக்கு 23 வயது. தன் பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து, தன் பெயருக்கே தபாலில் அனுப்பிக்கொண்டார். 'இந்தத் தேதியில் இந்தப் பாடல்கள் என்னிடம் இருந்தன' என்று நிரூபிக்க, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கையாண்ட வழி அது. தபால் முத்திரைதான் சாட்சி. பிரித்தால் சாட்சி போய்விடும் என்பதால் அவர் கடைசிவரை அதைப் பிரிக்கவே இல்லை.

சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் அதைத் திறந்தார்கள். பின்னாளில் ராக் இசையின் போக்கையே மாற்றிய பாடல்கள், கிராமியச் சாயலோடு, எளிமையான ஆரம்ப வடிவத்தில் அதில் இருந்தன. 2022-ல் அது இசைத்தொகுப்பாக வெளிவந்தது. அதே ஆண்டு நூலகத்தில் தொடங்கிய லூ ரீட் கண்காட்சியை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்க முடிந்தது.

இந்தப் பொருட்கள் ஏலத்துக்குப் போயிருந்தால்? யாரோ ஒரு கோடீஸ்வரரின் வரவேற்பறை அலமாரியில் அடைந்திருக்கும். நூலகத்துக்கு வந்ததால், கிட்டார் கற்கத் தொடங்கிய ஒரு பள்ளி மாணவனும் நின்று பார்க்க முடிந்தது.

ஒரு பெண்ணின் பிடிவாதம்

நாடகம் என்பது அன்றன்றைக்கே முடிந்துவிடும் கலை. திரை விழுந்தால் தீர்ந்தது. 'பிராட்வே நாடகங்களை அப்படியே படம்பிடித்து நூலகத்தில் வைத்தால் என்ன?' என்று யோசித்தவர் பெட்டி கார்வின்.

சொல்வது சுலபம். நடிகர்கள், இசைக்கலைஞர்கள், மேடைப் பணியாளர்கள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொழிற்சங்கம். 'எங்கள் உழைப்பைப் படம்பிடித்து யாராவது விற்றுவிட்டால்?' என்பது அவர்களுடைய நியாயமான பயம். ஒவ்வொரு சங்கமாகப் போய்ப் பேசி, சம்மதம் வாங்கினார் பெட்டி. படம் விற்பனைக்கு வராது, நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், நகல் எடுக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். 1970-ல் தொடங்கிய அந்தக் காப்பகத்தில் இன்று ஆயிரக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. 2001-ல் நாடக உலகின் டோனி கௌரவமும் அதற்குக் கிடைத்தது.

கலைஞர்களும் இந்த நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசை நாடகத்தை 1964-ல் இயக்கி, நடனமும் அமைத்த ஜெரோம் ராபின்ஸ், அதில் தனக்கு வந்த ராயல்டியில் ஒரு பங்கை நடனப் படங்களின் காப்பகத்துக்காக ஒதுக்கினார். இன்று நடனப் பிரிவு அவர் பெயரில்தான் இயங்குகிறது.

ஹார்லெம் அடித்தளத்தில் பிறந்த மேடை

நகரத்தின் வடக்கே ஹார்லெம். கறுப்பின மக்களின் கலைத் தலைநகர் என்று சொல்லத் தக்க பகுதி. அங்கே 135-வது தெருவில் 1905-ல் ஒரு கிளை நூலகம் திறக்கப்பட்டது.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் ஆர்ட்டுரோ ஷாம்பர்க். 'கறுப்பினத்தவருக்கு என்று வரலாறு எதுவும் கிடையாது' என்று சிறுவயதில் ஓர் ஆசிரியர் சொன்னதாகவும், அந்தச் சொல் மனசில் தைத்ததால்தான் அவர் வாழ்நாள் முழுக்க நூல்களையும் ஆவணங்களையும் தேடித் தேடிச் சேர்த்ததாகவும் சொல்வார்கள். அவருடைய சேகரிப்பை 1926-ல், கார்னெகி நிறுவனம் தந்த 10,000 டாலரில் நியூயார்க் பொது நூலகம் வாங்கி, இந்தக் கிளையில் வைத்தது. இன்று ஷாம்பர்க் மையம் என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றிருக்கிறது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி அந்த மையத்தின் முகப்புத் தளத்துக்குக் கீழேதான் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கிளை நூலகத்தின் அடித்தளத்தில் 1940-ல் ஒரு நாடகக் குழு பிறந்தது. பெயர், அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர். பெரிய அரங்குகளில் கறுப்பினக் கலைஞர்களுக்கு நல்ல வேடம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். ஒத்திகைக்கு இடமும் மேடையும் தந்தது நூலகம்.

குழு பின்னர் வேறு இடத்துக்கு மாறியது. அதில் சேர ஓர் இளைஞர் வந்தார். சரளமாக வாசிக்க வரவில்லை, உச்சரிப்பும் சரியில்லை என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டார். விடவில்லை. துப்புரவு வேலை செய்துகொடுக்கிறேன், பதிலுக்கு நடிப்பு சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தார். அவர்தான் சிட்னி பாய்டியர். 1964-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர். அதே குழுவில் பயின்ற இன்னொருவர், பின்னாளில் கலிப்ஸோ பாடல்களால் உலகைக் கட்டிப்போட்ட ஹாரி பெலஃபான்டே.

ஒரு நூலகத்தின் அடித்தளம், எத்தனை பேருக்கு மேல்தளமாக இருந்திருக்கிறது!

புரூக்ளினில் ஒரு திருவிழா

புரூக்ளின் பொது நூலகம், நியூயார்க் பொது நூலகத்திலிருந்து தனித்து இயங்கும் அமைப்பு. அதன் மையக் கட்டடம் மேலிருந்து பார்த்தால் திறந்துவைத்த புத்தகம்போல் இருக்கும். 2023 ஜூலையில் அந்தக் கட்டடத்தின் முகப்புச் சுவர் முழுக்க ராப் பாடல் வரிகள்!

புரூக்ளினில் மார்ஸி என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ராப் பாடகர் ஜே-ஸீயின் வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சி அது. அவர் பாடல்கள் பதிவு செய்த ஸ்டூடியோ அறையை நூலகத்துக்குள் அப்படியே மறுபடி உருவாக்கியிருந்தார்கள். அவருடைய 13 ஆல்பங்களின் அட்டைப்படத்தோடு 13 விதமான நூலக அட்டைகளும் வெளியாயின. அதை வாங்குவதற்காகவே வரிசையில் நின்றார்கள் ரசிகர்கள். பாட்டுக்காக வந்தவர்கள், நூலக உறுப்பினராகித் திரும்பினார்கள். கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு

அந்தக் கண்காட்சி இன்னும் நடந்துகொண்டிருந்தபோதுதான் கசப்பான செய்தி வந்தது. 2023 நவம்பரில் நகர நிர்வாகம் செலவுகளைக் குறைத்தது. நூலகங்களுக்கான பணத்திலும் கை வைத்தது. நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் ஆகிய மூன்று நூலக அமைப்புகளும் ஞாயிற்றுக்கிழமை சேவையை நிறுத்துவதாக அறிவித்தன.

வாரத்தில் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்கு ஞாயிறுதான் ஒரே ஓய்வு நாள். அன்றைக்கு நூலகம் பூட்டியிருந்தால், அவருக்கு நூலகமே இல்லை என்றுதான் அர்த்தம். கட்டணம் கேட்காமலே ஒருவரை வெளியே நிறுத்த முடியும் என்பதை அந்தப் பூட்டு காட்டியது.

இந்தச் சிக்கலின் வேர் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1901-ல் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, நகரமெங்கும் கிளை நூலகங்கள் கட்ட 52 லட்சம் டாலர் கொடுத்தார். ஆனால், ஒரு நிபந்தனை. 'கட்டடம் என்னுடையது, நிலம் கொடுப்பதும், தொடர்ந்து நடத்தும் செலவும் நகரத்தினுடையது.' ஹார்லெமின் அந்த 135-வது தெருக் கட்டடமும் அப்படி எழுந்ததுதான்.

ஒருமுறை கட்டிக்கொடுப்பவரின் பெயர் கல்வெட்டில் ஏறும். வருஷா வருஷம் விளக்கு எரிய, ஊழியருக்குச் சம்பளம் தர, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளப் பணம் தருபவர் வரி கட்டும் பொதுமக்கள். கச்சேரி பார்ப்பவருக்குத்தான் அது இலவசம். யாரோ அதற்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நியூயார்க் மக்கள் சும்மா இருக்கவில்லை. நூலகங்களும் வாசகர்களும் கலைஞர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். கடிதங்கள் குவிந்தன. 2024 ஜூன் இறுதியில் நகர நிர்வாகம் இறங்கிவந்து, 5 கோடியே 83 லட்சம் டாலர் நிதியைத் திரும்பத் தர ஒப்புக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கதவுகள் மறுபடி திறந்தன.

போகிறவர்களுக்கு...

பிள்ளைகளைப் பார்க்க நியூயார்க் போகும் பெற்றோர்கள் பலரும், பகல் முழுக்க வீட்டில் அடைந்திருப்பதாக அலுத்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு நல்ல வழி, பக்கத்துக் கிளை நூலகம். கண்காட்சிகளைப் பார்க்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. நிகழ்ச்சி நிரலை நூலகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பேரக்குழந்தைகளை அழைத்துப்போனால், ஐந்தாவது அவென்யூவில் இருக்கும் தலைமைக் கட்டடத்தைத் தவறவிட வேண்டாம். வாசலில் 'பொறுமை', 'மனவுறுதி' என்ற பெயர்களோடு இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். உள்ளே, 2021-ல் தொடங்கிய பொக்கிஷக் கண்காட்சி. 'வின்னி தி பூ' கதைகளுக்குக் காரணமான அசல் கரடி பொம்மையே அங்கே இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காப்புரிமை முடிந்த 1,80,000-க்கும் மேற்பட்ட படங்கள், வரைபடங்கள், இசைத்தாள்கள் போன்றவற்றை 2016-ல் இந்த நூலகம் இணையத்தில் தாராளமாகத் திறந்துவிட்டது. யாரும் அனுமதி கேட்காமல் பதிவிறக்கலாம். கையில் இருக்கும் செல்போனே போதும்.

லிங்கன் சென்டரில் ஓபரா முடிந்து பட்டும் பகட்டுமாகக் கூட்டம் வெளியே வரும் முன்பே, பக்கத்து நூலகத்தின் சின்ன அரங்கில் கைத்தட்டல் ஓய்ந்திருக்கும். அங்கிருந்து வெளியே வருபவர்களில் ஒருவர் அடுத்த நிகழ்ச்சிக்கான பெயர்ப்பதிவைப் போனிலேயே முடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர், வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்று கேட்ட மெட்டை முணுமுணுத்தபடி சுரங்க ரயிலைப் பிடிக்க நடந்துகொண்டிருப்பார்.