காஞ்சிபுரம் கோயில் இட்லி... குடலையிலா, டம்ளரிலா?

காஞ்சிபுரம் என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வரும். அடுத்து, வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லி! வட்டமாக, பூப்போல இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீண்ட உருளையாக வேகும் இந்த இட்லியைத் துண்டு போட்டுத்தான் தருவார்கள்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, இரவு முழுக்கப் புளிக்க வைக்கிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்கின்றன. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். மூங்கில் இடுக்கு வழியே ஆவி எல்லாப் பக்கமும் புகும். இலை மாவை ஒழுகாமல் தாங்குவதோடு, தன் வாசனையையும் கொடுக்கும். சட்னி, சாம்பார் இல்லாமலே சாப்பிடலாம்.

மாவைப் பொங்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். புளிப்பும் அவற்றால்தான், மாவை உப்ப வைக்கும் கரியமில வாயுவும் அவற்றால்தான்.

பிரிட்டனில் ஒரு பாடம்

இதேபோல நொதித்தலை நம்பியிருப்பது பிரிட்டனின் ‘காஸ்க் ஏல்’ பீர். (குடிக்கச் சொல்லவில்லை, கதையை மட்டும் கேளுங்கள்!) பீப்பாய்க்குள் போன பிறகும் ஈஸ்ட் உயிரோடு வேலை செய்யும். திறந்துவிட்டால் சுமார் மூன்று நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். 1960-களில், வடிகட்டி வாயு ஏற்றிய பீர் சுலபமாக இருந்ததால் பழைய பீப்பாய்கள் ஓரங்கட்டப்பட்டன. 1971-ல் நான்கு நண்பர்கள் ‘காம்ரா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1977-ல் அந்த இயக்கம் ‘கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல்’ என்ற ருசி பார்க்கும் திருவிழாவையே நடத்தியது. ருசித்தவர்கள் கேட்டு வாங்க, பீப்பாய் பிழைத்தது.

நம்ம ஊரில்?

இன்று பல ஓட்டல்களிலும் வீடுகளிலும் காஞ்சிபுரம் இட்லி டம்ளரிலோ தட்டிலோதான் வேகிறது. மசாலா அதேதான். அவசரத்துக்கு அது தப்பும் இல்லை. ஆனால் மூங்கிலும் மந்தாரை இலையும் இல்லாதபோது அந்த வாசனையும் இருக்காது. குடலைக்குத் தேவை குறைந்தால், அதைப் பின்னும் கைகளுக்கும் வேலை இருக்காது.

அடுத்த முறை பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனால், கோயிலில் ஒரு துண்டு வாங்கி ருசி பாருங்கள். பிறகு ஓட்டலில் ஆர்டர் செய்யும்போது, ‘குடலையில் வெந்ததா?’ என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டாலே, செய்கிறவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.