வீட்டுக்கொரு பெயர் சொல்லும் பிள்ளை

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண்களை மனனம் செய்வது மனிதருக்குக் கடினம் என்பதால் பெயர்கள் வந்தன. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகவே அம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் 'டிஎன்எஸ்' எனும் களப்பெயர் முறையை வடிவமைத்தார். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் கணினியைப் பெயர் வழங்கி என்போம்.

பெரும்பாலான வீடுகளில் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் வழங்கிதான் பதில் சொல்கிறது. அந்தப் பொறுப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியும். மேருவில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு சிறிய ராஸ்பெரி பை கணினி இவ்வேலையைச் செய்கிறது. அதில் இயங்குவது 'அன்பவுண்ட்' எனும் இலவச மென்பொருள்.

அமைக்கும் முறை எளிது. முதலில், அக்கணினிக்கு 192.168.1.10 போன்ற மாறாத எண் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அடுத்து, வீட்டுக் கருவிகளின் கேள்விகளை ஏற்கும்படி அன்பவுண்டுக்கு அனுமதி தர வேண்டும். இயல்பாக அது தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும். மூன்றாவதாக, ரூட்டரில் பெயர் வழங்கி என்னும் இடத்தில் அந்த எண்ணை எழுத வேண்டும். இரண்டாம் இடத்தில் வெளி வழங்கி ஒன்றை எழுதினால், சில கருவிகள் அதையே கேட்கும். வீட்டுப் பெயர்கள் சில வேளைகளில் வேலை செய்யா. 53-ஆம் வாயிலை வெளியுலகுக்குத் திறந்துவிடக் கூடாது. திறந்தால், பிறரைத் தாக்குவோர் நம் கணினியைக் கருவியாக்கிக்கொள்வர்.

இதனால் என்ன பயன்? ஒருவர் கேட்ட பெயரை வழங்கி சிறிது நேரம் நினைவில் வைத்திருப்பதால், அடுத்தவருக்கு உடனே பதில் கிடைக்கும். அச்சுப்பொறிக்கும் நாமே பெயர் சூட்டலாம். 2018-இல் 'ஹோம்.ஆர்பா' என்னும் களம் வீட்டு வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதன்கீழ் தமிழ்ப் பெயரும் வைக்கலாம். அமைப்புக் கோப்பில் மட்டும் 'பனிகோட்' எனும் குறியீட்டு வடிவில் எழுத வேண்டும். 2007-இல் பன்மொழிக் களப்பெயர்களைச் சோதித்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட 11 மொழிகளில் தமிழும் ஒன்று. '.பரிட்சை' என்பதே அன்றைய சோதனைக் களம்.

பெயர் வழங்கி வெறும் தொழில்நுட்பம் அன்று என்பதை நம் நாடே கண்டது. வெளி வழங்கிகளுக்குச் செல்லும் கேள்விகளைத் தங்கள் வழங்கிகளுக்கே திருப்புமாறு, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது 2024 செப்டம்பரில் தெரியவந்தது. தீய தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்றது ஆணையம். எதிர்ப்பு எழுந்ததும், செப்டம்பர் 8-ஆம் நாள், அதைத் தொடர வேண்டாமென அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் கேட்டுக்கொண்டார். சாதாரணக் கேள்வி உறையில்லாத அஞ்சலட்டை போன்றது. வழியில் யாரும் படிக்கலாம், திருப்பலாம். அன்பவுண்ட் அதை மறையாக்கம் செய்து 853-ஆம் வாயில் வழியே அனுப்பவல்லது.

ஆனால், வெளியாரிடமிருந்து மறைத்த கேள்விகள் வீட்டில் ஒருவர் கைக்கு வருகின்றன. அக்காள் எந்த வேலைத் தளத்தைத் தேடினாள், அப்பா எந்த மருத்துவமனையைத் தேடினார் என்பதை வழங்கியைப் பராமரிப்பவர் பார்க்க முடியும். அன்பவுண்ட் இயல்பாகக் கேள்விகளைப் பதிவதில்லை; நாமே இயக்கினால்தான் பதியும். எங்கள் வீட்டில் அதை இயக்குவதில்லை என்று பேசி முடிவெடுத்தோம். ஆணையத்திடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா?

நண்பர்களே, வாடகை வீட்டில் கூடி வாழும் மாணவர்களும் இதை அமைக்கலாம். கணினியைப் பொருத்தும் முன், பதிவு வைப்பதா வேண்டாமா என்று அனைவரும் அமர்ந்து பேசுங்கள்.