பத்து சதவீதத் தள்ளுபடிக்குப் பின்னால்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் பிரேக் பேடு கேட்டால், "ஜெனுவினா, ஓ.இ.யா, லோக்கல் போதுமா?" என்றுதான் முதல் கேள்வி வரும். மூன்றுக்கும் மூன்று விலை. எதை எடுத்தாலும் "பத்து பர்சென்ட் குறைச்சுப் போடறேன் சார்" என்பார் கடைக்காரர். கேட்காமலேயே பத்து குறைக்கிறார் என்றால் இவருக்கு எவ்வளவு நிற்கும் என்று மனசுக்குள் ஒரு சந்தேகம் ஓடும்.

பேச்சுக்குச் சில எண்களை வைத்துக்கொண்டு பார்ப்போம். பெட்டியில் எம்.ஆர்.பி. 1,180 ரூபாய். அது வரியும் சேர்ந்த விலை. வாகன உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28. ஆக, 180 ரூபாய் வரி, மீதி 1,000. கடைக்காரர் அதை வரி நீங்கலாக 750க்கு வாங்கியிருந்தால் நிற்பது 250. வாங்கிய விலைக்குக் கணக்கிட்டால் லாபம் 33 சதவீதம். விற்ற விலைக்குக் கணக்கிட்டால் 25. கடைக்காரர்மேல் கோபமாக இருப்பவர் முதல் எண்ணைச் சொல்வார், கடைக்காரர் இரண்டாவதை. இரண்டும் பொய்யில்லை.

இப்போது அந்தப் பத்து சதவீதத்தைக் கழியுங்கள். பில் 1,062. வரி 162 போனால் 900. கையில் நிற்பது 150. விலையில் பத்து குறைந்ததற்கு லாபத்தில் நாற்பது சதவீதம் போய்விட்டது. வாடகை, ஆள் சம்பளம், கடனுக்குப் போன சரக்கு, வாடிக்கையாளரை அனுப்பிவைத்த மெக்கானிக்கின் கமிஷன் எல்லாம் இந்த 150க்குள்தான்.

போதாததற்கு அலமாரி வேறு இருக்கிறது. ஆயில் ஃபில்டர், பிரேக் பேடு மாதிரி ஓடுகிற சரக்கில் லாபம் மெலிந்திருந்தாலும் பணம் சீக்கிரம் திரும்பிவிடும். எப்போதோ ஒருவர் வந்து கேட்கப்போகிற பழைய மாடல் கதவுக் கைப்பிடி ஆண்டுக்கணக்கில் தூசி குடித்துக் கிடக்கும். அதற்கு அதிக லாபம் வைப்பது பேராசை அல்ல, முடங்கிய முதலுக்கான வட்டி.

அப்படியானால் கொழுத்த லாபம் எங்கே? ஒரே ஒரு கை மட்டும் விற்கிற பாகத்தில். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் குற்றம், ஆனால் எம்.ஆர்.பி.யையே எவ்வளவு என்று அச்சிடலாம் என்பதற்கு உதிரிபாகங்களில் உச்சவரம்பு இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்கள் வழியாகவே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். சில பாகங்களில் விலை ஏற்றம் 100 சதவீதத்தில் தொடங்கி ஏறத்தாழ 5,000 வரை போனதாக அந்த உத்தரவு சொல்கிறது. 2016இல் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை.

போட்டி இருக்கும் இடத்தில் கதையே வேறு. கார் நிறுவனம் பிரேக்கையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பெரும்பாலும் தானே செய்வதில்லை. பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., ரானே போன்ற சென்னைக் கம்பெனிகள் செய்து கொடுப்பவை அவை. கார் நிறுவனத்தின் பெட்டியில் வந்தால் அது ஜெனுவின். அதே தயாரிப்பாளர் தன் பெயரிட்ட பெட்டியிலும் விற்பார், கடைக்காரர் ஓ.இ. என்று சொல்வது இதைத்தான். பேரிங் இன்னும் சுலபம். ஆல்டர்னேட்டரிலிருந்து கழற்றிய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் ஓரத்தில் 6203 மாதிரி ஓர் எண் பொறித்திருக்கும். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. உலகம் முழுக்க அதே அளவு. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் போதும், கார் பெயரே தேவையில்லை. பிரேக்கில் மட்டும் பெயர் தெரியாத லோக்கல் சரக்கை நான் வாங்கமாட்டேன்.

பம்பர் மாதிரி ஒரே கை விற்கிற பாகத்துக்கு இந்த வழியெல்லாம் அரிது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தால், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்காதவர் பம்பரின் பாதி விலையைச் சொந்தப் பணத்திலிருந்துதான் கட்டவேண்டும்.