உள்மேசை ஊழியர் ஏன் வங்கியை விட்டுப் போகிறார்கள்?

நெல்லியடிச் சந்தியைச் சுற்றி அரச வங்கிகளும் தனியார் வங்கிகளும் கிளை வைத்திருக்கின்றன. வடமராட்சியில் க.பொ.த. உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அவற்றில் ஒன்றில் வேலை கிடைத்தால் வீடே நிம்மதியடையும். ஆனாலும் கடன் கோவை தயாரிப்பவர், கணக்குத் திறப்புப் படிவங்களைச் சரிபார்ப்பவர், அன்றன்றைய கணக்கை ஒப்புநோக்கி முடிப்பவர் என்று, வாடிக்கையாளர் கண்ணில் படாத உள்மேசைகளில் இருக்கும் இளையோர் பலர் அந்த வேலையில் நிலைப்பதில்லை. ஏனென்று கேட்டால் "வெளிநாட்டு மோகம்" என்பார்கள். இந்தப் பதில் ஊழியரைக் குறைசொல்லிவிட்டு வேலையை விசாரிக்காமல் விடுகிறது. முதலில் மனத்தைத் தளர்த்துவது அந்த வேலையின் அமைப்பு. வெளிநாடு அதற்குப் பிறகுதான் வருகிறது.

வெளிநாட்டின் இழுப்பை யாரும் மறுக்க முடியாது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 ஜனவரி முதல், மாதம் ஒரு லட்சம் ரூபாவைத் தாண்டிய சம்பளம் வரிக்குள் வந்தது; உச்ச வரி வீதம் 36 சதவீதம். அந்த மார்ச்சில் வங்கி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2022 இல் மட்டும் 3 லட்சத்து 11 ஆயிரம் பேர் வரையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து சென்றார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்புப் பணியாளருக்கு விசா வழியைத் திறந்திருந்தது. ஆனால் ஒருவர் வேலையை விட இரண்டு காரணிகள் சேரவேண்டும் என்று ஆய்வாளர்கள் ஜேம்ஸ் மார்ச், ஹேர்பேர்ட் சைமன் இருவரும் 1958 இலேயே எழுதினார்கள்: விடவேண்டுமென்ற விருப்பம், வேறிடம் கிடைக்கும் வசதி. விசா தருவது இரண்டாவதை மட்டுமே. முதலாவது எங்கே விளைகிறது?

உள்மேசை வேலையிலிருந்து தீர்மானிக்கும் உரிமை மெல்ல மெல்ல உருவப்பட்டுவிட்டது. 2006 இல் லங்கா கிளியர் நிறுவனம் காசோலைப் பட முறையைக் கொண்டுவந்தபின் காசோலைக்குப் பதிலாக அதன் படம் பயணிக்கிறது. வாடிக்கையாளருக்கு அது நல்ல மாற்றம், ஆனால் உள்மேசையில் மனிதர் பார்த்துத் தீர்மானிக்க இடம் குறைந்தது. அதே ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் கடமையை வங்கிகள்மேல் வைத்தது. 10 லட்சம் ரூபாவும் அதற்கு மேலும் காசாகப் புழங்கினால் மேலே தெரிவிக்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் பணம் வந்து சேரும் இந்தப் பகுதியில் அடையாளமும் ஆதாரமும் சரிபார்க்கும் சுமை பெரியது. தேவையான சுமைதான், ஆனால் அதில் ஊழியரின் அறிவுக்கு இடம் குறைவு. கடன் தீர்மானமும் பல வங்கிகளில் தலைமையகத்துக்குப் போய்விட்டது. கரவெட்டி விவசாயியின் தோட்டத்தையும் நாணயத்தையும் அறிந்தவர் கோவையை நிரப்ப, ஆமோ இல்லையோ சொல்பவர் கொழும்பில் இருக்கிறார். கோவை திரும்பி வந்தால் பழி நிரப்பியவருக்கு. கடன் ஒழுங்காக அடைபட்டால் அந்தச் செய்திகூட அவரிடம் வராது. செய்யும் வேலையின் பயனை உணர்வது, அதில் சுயமாக முடிவெடுப்பது, அதன் விளைவை அறிவது ஆகியவைதான் மனிதரை வேலையில் ஊன்றவைக்கின்றன என்று ஆய்வாளர்கள் ஹக்மனும் ஓல்ட்ஹாமும் 1976 இல் காட்டினார்கள். இங்கே மூன்றுமே வற்றிப்போயிருக்கின்றன.

சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வலுவான மறுப்பு. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913 இல் விலகல் வீதம் 370 சதவீதமாக இருந்தது. 1914 ஜனவரியில் நாட்கூலியை 5 டொலராக உயர்த்தியதும் அது சடாரென விழுந்தது. ஆனால் அந்த விலகல் உச்சத்துக்குப் போனது, நகரும் தொடர்வரிசை வந்து ஒருவர் நாள்முழுதும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய காலத்தில். சலிப்பைப் பொறுத்துக்கொள்வதற்கான விலையை ஃபோர்ட் கொடுத்தார், அதைக் கொடுக்க அவரால் முடிந்தது. பவுணோடும் கனடா டொலரோடும் நெல்லியடிக் கிளை அப்படிப் போட்டிபோட முடியாது. ரூபாவில் நியாயமான உயர்வு கட்டாயம் வேண்டும், அது போதாது என்பதே என் வாதம். ஒரு வெற்றிடத்துக்கு எத்தனையோ பேர் விண்ணப்பிக்கிறார்களே என்றால், அது வேலைக்குள் வரும் ஆசையைக் காட்டுகிறது, உள்ளே வந்தவர் ஏன் நிலைக்கவில்லை என்பதைக் காட்டவில்லை.

உண்மையில் ஊழியரை நிறுத்திவைக்க இந்த ஊரில் ஏற்கெனவே நிறைய உண்டு. 2001 இல் டெரன்ஸ் மிச்செலும் கூட்டாளிகளும் அமெரிக்க மருத்துவமனை, மளிகைக்கடை ஊழியர்களிடையே ஆராய்ந்து, ஊரோடும் உறவோடும் உள்ள பிணைப்பு வேலையை விடுவதைக் குறைக்கிறது என்று கண்டார்கள். பெற்றோர், கோயில், காணி எல்லாம் சைக்கிள் தூரத்தில் இருப்பவருக்கு அந்தப் பிணைப்பு பலமானது. தொலைதூர இடமாற்றம் வந்தால் அந்தக் கயிறு அறுந்துவிடும். அதற்குப்பின் அனுராதபுரத்துக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் சம்பளம் மட்டுமே. மோசடியைத் தடுக்க இடமாற்றம் தேவை என்பது சரி. ஆனால் பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ மாற்றினாலும் அந்த நோக்கம் நிறைவேறும். குறித்த தொகைக்குட்பட்ட விவசாயக் கடன்களைக் கிளையே தீர்மானிக்கலாம், திருப்பி அனுப்பும் கோவைக்குக் காரணம் எழுதலாம், உள்மேசையிலிருந்தே பதவி உயர்வுக்கு வழி வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் அந்நியச் செலாவணி தேவையில்லை.