நள்ளிரவில் வீங்கும் பெருவிரல்

படுக்கப் போகும்போது ஒன்றுமில்லை. நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. கவுட் எனும் மூட்டுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், மூட்டுகளில் ஊசி ஊசியான படிகங்களாகத் தங்கக்கூடும்.

உடனே வீட்டில் பருப்பையும் கீரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அது தேவையில்லை. குறைக்க வேண்டியவை ஈரல், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி, பீர், இனிப்பான குளிர்பானங்கள். ஆனாலும் பத்தியத்தால் மட்டும் அளவு சுமார் 1 மில்லிகிராம்தான் இறங்கும். யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை உடலே உண்டாக்குகிறது. சிறுநீரகம் அதைச் சரிவர வெளியேற்றாததே பலருக்குச் சிக்கல்.

அதனால்தான் அலோபூரினால். ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மாத்திரை அது. 1988இல் மருத்துவ நோபல் பெற்ற மூவரில் இவர்கள் இருவர். குறைந்த அளவில் தொடங்கி, யூரிக் அமிலம் 6க்குக் கீழே இறங்கும்வரை மருத்துவர் கூட்டிக்கொண்டே போவார். முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் வேதனை. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த மாதங்களில் வலியைத் தடுக்கத் தரப்படும் கோல்ச்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று இதைப் பயிரிட்டு விதையை விற்பது இந்த மருந்துப்பொருளுக்காகவே. கிழங்கை வீட்டு வைத்தியமாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு கோல்ச்சிசின் மாத்திரையைக்கூட மருத்துவர்கள் குறைத்துத்தான் எழுதுகிறார்கள்.